எட்டு மணி நேரம் உட்காரப் பழகினீர்களா?

தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஸோஹோ அலுவலகம் வந்தபின், அதே மாவட்டத்துத் திருவேங்கடம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் கணினி வேலை எட்டாக்கனி இல்லை. ஆனால் நெட்வொர்க் துறையில் சிசிஐஇ என்றால் இன்றும் வயிற்றைக் கலக்கும். சிஸ்கோ 1993இல் தொடங்கிய சான்றிதழ் அது. இந்தியாவில் அதன் செய்முறைத் தேர்வுக்கூடம் பெங்களூரில்.

ஒரே நாளில் 8 மணி நேரம்: வடிவமைப்புக்கு 3, கட்டமைத்துப் பழுது நீக்க 5. வடிவமைப்புப் பகுதியில் கடந்துவிட்ட கேள்விக்குத் திரும்ப முடியாது. பதற்றம் பிடிப்பது இங்கேதான். போனதையே நினைத்து, வருவதையும் கோட்டை விடுவார்கள்.

மூச்சுப் பயிற்சி மட்டும் இதற்குப் போதாது. அரைமணி அரைமணியாகப் படித்தவருக்கு ஆறாவது மணி நேரத்தில் சப்நெட் மாஸ்க்கூடத் தப்பாக விழும். வீட்டிலேயே, செல்போனை அணைத்துவிட்டு, முழு 8 மணி நேர லேபை ஓட்டிப் பார்க்க வேண்டும். பிழை வந்தால் நாலைந்து கட்டளைகளைச் சேர்த்து மாற்றக் கூடாது. ஒன்றை மாற்று, பிங் போகிறதா பார், பிறகு அடுத்தது.

பெங்களூருக்கு இரவு பஸ்ஸில் கண் விழித்துப் போய், காலையில் நேரே தேர்வுக்குப் போவது சிக்கனமே அல்ல. முந்தைய நாள் லாட்ஜ் வாடகையையும் தேர்வுக் கட்டணத்தோடு சேர்த்தே வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.