ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தோடு கடையைச் சாத்தட்டும்!

'ஞாயிற்றுக்கிழமையும் ராத்திரி வரைக்கும் எல்லாக் கடையும் திறந்திருந்தா எவ்வளவு சௌகரியம்!' இப்படிச் சொல்லாத குடும்பத் தலைவி உண்டா சகோதரிகளே? போன வருஷம் வரை நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் பாகூர் கொம்யூன். புதுச்சேரி டவுனுக்குப் போக இருபது கிலோமீட்டர். வீட்டுக்காரருக்கு வாரத்தில் ஆறு நாள் வேலை. பிள்ளைகளுக்கு ஐந்து நாள் பள்ளிக்கூடம், ஆறாவது நாள் டியூஷன். ஒரு நல்ல துணிமணி எடுக்கணும், மிக்ஸி வாங்கணும் என்றால் எங்களுக்கு ஞாயிறை விட்டால் வேறு நாள் இல்லை. அந்த ஞாயிறும் எப்படிப் போகிறது? காலையில் பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, கறிக்குழம்பு வைத்து, எல்லோரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து நிமிர்ந்தால் மணி மூன்றரை. அப்புறம் பஸ் பிடித்து டவுனுக்குப் போனால் பாதிக் கடை பூட்டியிருக்கும். வயிறு எரியுமா எரியாதா?

தென்பெண்ணையைத் தாண்டினால் கடலூர். அது தமிழ்நாடு. அங்கே 2019-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அரசு ஓர் உத்தரவு போட்டது. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற கடைகள் வருஷம் 365 நாளும், 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று. முதலில் மூன்று வருஷத்துக்குப் போட்ட அந்த உத்தரவை 2022-லும் 2025-லும் நீட்டித்தும் விட்டார்கள். 'ஆத்துக்கு அந்தாண்ட முடியுது, இந்தாண்ட முடியாதா?' என்று எங்கள் தெருவில் நான்தான் முதல் ஆளாகப் பேசிக்கொண்டு திரிந்தேன்.

என் வாயை அடைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ் பயணம்தான்.

நாத்தனார் மகளுக்கு நிச்சயதார்த்தம். புடவை எடுக்கப் போனோம். பெரிய கடை, ஞாயிறும் திறந்திருந்தது. நாங்கள் உள்ளே நுழையும்போதே மணி எட்டு. ஒரு பெண் சிரித்த முகமாக எடுத்துப் போட்டாள். 'இந்த பார்டர் வேண்டாம், அந்த கலர் காட்டு, அடுக்குல மூணாவதா இருக்கே அதை எடு' என்று முப்பது புடவையாவது பிரித்துப் பார்த்திருப்பேன். ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றுகொண்டே அவள் எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒரே ஒரு புடவை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். அவள் முன்னால் துணி மலை மாதிரிக் குவிந்து கிடந்தது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டிபன் சாப்பிட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டு வந்து பஸ்ஸில் உட்கார்ந்தோம். வண்டி கிளம்புகிற நேரத்தில் ஒரு பெண் ஓடி வந்து ஏறி, என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதே பெண்! உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் தரையில் வைத்தாள். பாதம் வீங்கிப்போயிருந்தது.

"கத்தரிப்பூ கலரு புடவை எடுத்தீங்களே, நீங்கதானக்கா?" என்று அவளே பேச்சுக் கொடுத்தாள். கிருமாம்பாக்கத்தில் இறங்கி உள்ளே நடக்க வேண்டுமாம். அவளுடைய அப்பா சைக்கிளோடு வந்து நிற்பாராம். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "வாரத்துக்கு ஒரு நாள் லீவு தராங்களாம்மா?" என்று கேட்டேன்.

"தராங்கக்கா. எனக்கு புதன்கிழமை லீவு."

"பரவாயில்லையே!" என்றேன் நான்.

அவள் சிரித்தாள். "புதன்கிழமை எம் பொண்ணு இஸ்கூலுக்குப் போயிடுது. அவரும் வேலைக்குப் போயிடறாரு. நான் மட்டும் வூட்ல ஒக்காந்துகினு துணி தொவச்சிகினு இருப்பேன். ஞாயித்துக்கிழமை அவங்க ரெண்டு பேரும் வூட்ல, நான் கடையில. எம் பொண்ணுக்கு என் கையால எண்ணெ தேச்சு தலைக்கு ஊத்தி நாலு மாசம் ஆவுதுக்கா" என்றாள்.

அன்று காலையில்தான் நான் என் மகளுக்கு எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு அலசி, சாம்பிராணி காட்டிவிட்டு வந்திருந்தேன். அவளுடைய மகள், அம்மா வருவாள் என்று தூங்காமல் உட்கார்ந்திருக்கும் நேரத்தில், அவளை நிற்க வைத்து முப்பது புடவை பிரித்தவளும் நான்தான். அப்புறம் கிருமாம்பாக்கம் வரை எனக்குப் பேச்சே வரவில்லை.

அந்த ராத்திரியில் எனக்குப் புரிந்தது இதுதான். வார லீவு வேறு, ஞாயிற்றுக்கிழமை வேறு! சட்டம் லீவைக் கொடுக்கிறது. தமிழ்நாட்டு உத்தரவிலும் சுழற்சி முறையில் ஒவ்வொருவருக்கும் வாரம் ஒரு நாள் லீவு தர வேண்டும், இன்று யார் யாருக்கு லீவு என்று கடையில் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி எழுதி ஒட்ட வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. பெண்களைச் சாதாரணமாக ராத்திரி எட்டு மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, அப்படியானால் எழுத்து மூலம் சம்மதம் வாங்க வேண்டும் என்றும் இருக்கிறது. நல்ல விஷயங்கள்தான். ஆனால் புதன்கிழமை கிடைக்கிற லீவில் உடம்பு ஓய்வெடுக்கும். குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுமா? பள்ளிக்கூட லீவை ஞாயிறிலிருந்து புதனுக்கு மாற்ற முடியுமா? கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, பெண் பார்க்கிறது எல்லாம் ஞாயிற்றுக்கிழமை வைக்கிறோமே, ஏன்? அன்றைக்குத்தானே எல்லோரும் வீட்டில் இருப்போம்!

இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஆஸ்பத்திரியில நர்சம்மா ஞாயித்துக்கிழமை வேலை பார்க்கலையா? பஸ் ஓடலையா? போலீஸ்காரனுக்கு ஏது ஞாயிறு?" என்று மடக்கினார். நியாயமான கேள்விதான். ஆனால் காய்ச்சலுக்கு ஊசி போடுவது நாளை வரை காத்திருக்காது. கத்தரிப்பூ கலர் புடவை காத்திருக்கும். அவசியத்துக்கு ஒருத்தர் தன் ஞாயிறைத் தருகிறார் என்றால் அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். நம் சௌகரியத்துக்காக அதைப் பிடுங்கலாமா?

அதற்காக ஞாயிறு முழுக்கக் கடையே வேண்டாம் என்றும் நான் சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா கொத்தனாருக்குச் சித்தாள் வேலைக்குப் போகிறாள். சனிக்கிழமை சாயந்திரம்தான் கூலி கைக்கு வரும். ஞாயிறு காலையில் கடை இல்லையென்றால் அவள் அரிசி பருப்பு எப்போது வாங்குவாள்? பிள்ளைக்கு ஒரு சட்டை எப்போது எடுப்பாள்? கூலிக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறு காலைக் கடை கட்டாயம் வேண்டும். ஆனால் அவளே சொல்கிறாள், "பன்னெண்டு மணிக்குள்ள எல்லாம் வாங்கிடுவேன். அதுக்கு மேல கையில காசு எங்க இருக்கும்?" என்று!

எங்கள் தெரு மளிகைக் கடையையும் சொல்ல வேண்டும். புருஷனும் பெண்சாதியும்தான் முதலாளி, அவர்களேதான் வேலைக்காரர்கள். விடியற்காலை ஐந்தரைக்குப் பால் பாக்கெட் எடுத்து வைப்பதில் தொடங்கினால் ராத்திரி பத்து மணி. அந்த அம்மா கல்லாவுக்கும் அடுப்புக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருப்பார். ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்குக் கடையைச் சாத்துவார்கள். "அதுக்கப்புறம்தாம்மா நான் தலைக்கே குளிப்பேன்" என்பார். பெரிய கடைகள் ஞாயிறு ராத்திரி வரைக்கும் திறந்தால், வாடிக்கை போய்விடுமே என்ற பயத்தில் இவர்களும் திறந்துதான் ஆக வேண்டும். அந்த அம்மாவுக்கு வார லீவு கொடுக்க எந்தச் சட்டமும் வராது.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. புதுச்சேரி காந்தி வீதி 'சண்டே மார்க்கெட்' நமக்கெல்லாம் தெரிந்ததுதான். நிரந்தரக் கடைகள் ஞாயிறு மூடியிருப்பதால்தான் அந்த வாசல்களில் பாய் விரித்து, தள்ளுவண்டி போட்டு, ஏழை வியாபாரிகள் பிழைக்க வழி பிறந்தது. நாமும் நைட்டி, பிள்ளைகளுக்கு டவுசர், பிளாஸ்டிக் சாமான் என்று பேரம் பேசி வாங்கியிருக்கிறோம். பெரிய கடைக்காரர் ஞாயிறும் ஷட்டரைத் தூக்கினால், வாசலில் கடை போடுகிறவர் எங்கே போவார்?

'வெளிநாட்டுல எல்லாம் எந்நேரமும் கடை' என்பது சிலரின் வாதம். எங்கள் தெருவில் ஒரு 'சொல்தா' குடும்பம் இருக்கிறது. அவர்கள் வீட்டு அத்தை பிரான்சிலிருந்து வந்தபோது கேட்டேன். "யாரு சொன்னா? எங்க ஊருல ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு மேல தெருவே ஓஞ்சி கிடக்கும்" என்றார். நம்மை ஆண்ட அந்தப் பிரான்சில் 1906-லேயே ஞாயிறு ஓய்வுக்குச் சட்டம் வந்துவிட்டதாம். 2015-ல் அதைத் தளர்த்தினார்கள். அப்போதும்கூட, ஊர் மேயர் வருஷத்துக்குப் பன்னிரண்டு ஞாயிறு வரை கடை திறக்க அனுமதி தரலாம் என்று ஒரு கணக்கு வைத்தார்கள். ஜெர்மனியில் ஞாயிறு ஓய்வுக்கு அரசியல் சட்டத்திலேயே பாதுகாப்பு இருக்கிறது. இங்கிலாந்தில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெரிய கடைகள் ஞாயிறன்று ஆறு மணி நேரம்தான் திறக்கலாம், சின்னக் கடைகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதை நீட்டிக்கலாம் என்று 2016-ல் கொண்டு வந்தபோது பாராளுமன்றத்தில் தோற்றுப்போனது. அத்தனை வசதியுள்ள நாடுகளே ஞாயிறை இப்படிப் பொத்திப் பொத்திக் காப்பாற்றுகின்றன. நாம் மட்டும் ஏன் அவசரப்பட வேண்டும்?

அவ்வளவு தூரம் எதற்கு? 1936-ஆம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி, எட்டு மணி நேர வேலை உள்ளிட்ட உரிமைகளைக் கேட்டுப் போராடியதற்காக நம் புதுச்சேரி பஞ்சாலைத் தொழிலாளர்கள் பன்னிரண்டு பேர் துப்பாக்கிச் சூட்டில் உயிரை விட்டார்கள். வேலைக்கு ஒரு வரைமுறை வேண்டும் என்று ரத்தம் சிந்திய மண் இது. இங்கேயே அந்த வரைமுறையைக் காற்றில் விடலாமா?

ஆகவே எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

ஞாயிறு காலையிலிருந்து மத்தியானம் இரண்டு மணி வரை எல்லாக் கடையும் திறந்திருக்கட்டும். அதற்குப் பிறகு மருந்துக்கடை, பால், சாப்பாட்டுக் கடை மட்டும் போதும். ஆள் வைக்காமல் குடும்பமே நடத்துகிற சின்னக் கடைகளும், வாசலில் போடுகிற கடைகளும் அவரவர் இஷ்டம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால் வருகிற இரண்டிரண்டு ஞாயிறுகளுக்கு விலக்குக் கொடுக்கலாம். ஆனால் அன்றைக்கு வேலை செய்கிறவர்களுக்கு இரட்டைச் சம்பளம் தர வேண்டும். பெரிய கடையில் வேலை பார்க்கிற ஒவ்வொருவருக்கும் மாதத்தில் இரண்டு ஞாயிறாவது முழு லீவு கட்டாயம் வேண்டும். நிற்கிற பெண்களுக்கு உட்கார ஒரு ஸ்டூல் போட வேண்டும். 2018-ல் கேரளாவும் 2021-ல் தமிழ்நாடும் இதற்குச் சட்டமே கொண்டு வந்துவிட்டன. அவசரத்துக்கு வாங்க வேண்டியவர்களுக்காக மற்ற நாட்களில் ஒரு நாள் கூடுதல் நேரம் திறந்தால் போயிற்று.

'சரிம்மா, உனக்கு மூணரை மணிக்குத்தானே ஒழியுது, இரண்டு மணிக்குக் கடையைச் சாத்தினால் நீ எப்படிப் போவே?' என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி! வீட்டுக்காரரிடம் அதைத்தான் பேசி முடித்திருக்கிறேன். கடைக்குப் போகிற ஞாயிறு அன்று கறிக்குழம்பு கிடையாது. காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கே கிளம்பி, ஒரு மணிக்கெல்லாம் திரும்பிவிடுவோம். வந்ததும் பருப்பு ரசம், அப்பளம். அப்பளம் பொரிப்பது அவர் வேலை! முதல் தடவை பாதி கருகிப்போனது. இப்போது நன்றாகவே பொரிக்கிறார்.

அரசாங்கம் சட்டம் போடுகிறபோது போடட்டும் சகோதரிகளே. ஞாயிறு சாயந்திரம் நாம் போகவில்லை என்றால், எந்த முதலாளி கரண்டு பில் கட்டிக்கொண்டு கடையைத் திறந்து வைத்திருப்பார்? கடை திறந்திருப்பது நம்மை நம்பித்தானே! அப்படியே போக நேர்ந்தாலும், எடுக்கிற எண்ணம் இல்லாமல் இன்னும் ஒரு புடவையைப் பிரிக்கச் சொல்வதற்கு முன்னால் கடியாரத்தை ஒரு பார்வை பாருங்கள். எங்கேயோ ஒரு குழந்தை எண்ணெய்க் கிண்ணத்தோடு தன் அம்மாவுக்காகக் காத்துக்கொண்டிருக்கலாம்.

- ஒரு வாசகி, பாகூர், புதுச்சேரி.