ஹெராயினும் தலைவிதியும்

ஹெராயினுக்கு அடிமைப்பட்டவனைப் பார்த்துத் தலைவிதி என்றும், சனி பிடித்தது என்றும் சொல்லித் தாயத்துக் கட்டும் தோழர்களை ஒன்று கேட்கின்றோம். 1898-ல் இவ்விஷத்தை இருமல் மருந்தென்று கடைக்கு அனுப்பியது ஜெர்மனியின் பேயர் கம்பெனியா, சனீஸ்வர பகவானா?

அபினிச் சத்தான மார்பினிலிருந்து செய்யப்படும் இது, பழகப் பழக அளவு ஏறிக்கொண்டே போகும். நிறுத்தினாலோ வாந்தி, பேதி, நடுக்கம், எலும்புக் குடைச்சல். அதற்குப் பயந்தே மறுபடி தொடுகிறான். இதைப் பேயாட்டம் என்று வேப்பிலை அடிக்கும் பூசாரிக்கு என்ன தெரியும்?

மாலை போட்டு 48 நாள் விட்டிருப்பதை நம்மவர் பெரிதாய்ப் பேசுவர். உண்மையில் அபாயம் அங்கேதான். உடம்பின் பழக்கம் குறைந்தபின், மாலையைக் கழற்றிப் பழைய அளவையே போட்டால் மூச்சு அடங்கிவிடும். அதையும் சாமி குற்றம் என்பார்கள்!

மெத்தடோன், புப்ரெநார்பின் கொடுத்து மீட்கும் வைத்தியம் இருக்கிறது. மூச்சு அடங்கும் தருணத்தில் காலாகாலத்தில் போட்ட நலாக்சோன் ஊசி உயிரைத் திருப்பும். பூசாரிக்கு அழும் பணத்தில் ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடியுங்கள் என்கின்றோம்.