கரவாத வித்தை

விளையாட்டு வேறு, கல்வி வேறு என்று பிரித்துப் பேசுதல் நம்மவர் வழக்கம். விளையாட்டு மைதானத்துக்கு உரியது. கல்வி வகுப்பறைக்கு உரியது. வீட்டின் ஒரு மூலையிலிருந்து விளையாட்டுப் பொருளொன்றைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருக்கும் பிள்ளை இரண்டுக்கும் உதவாதவன் என்பது பெற்றோர் பலரின் தீர்ப்பு. இத் தீர்ப்பு முற்றும் சரியன்று. அப் பிள்ளையின் கையிலுள்ள பொருளைச் சூழ்ந்து உலகின் பல நாடுகளிலும் வளர்ந்துள்ள ஒரு வழக்கம் நம் கல்லூரி மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் ஒருங்கே படிப்பினை தரவல்லது. அதனை எடுத்துக்காட்டுதலே இக் கட்டுரையின் நோக்கமாகும்.

யாம் குறிக்கும் பொருள் றூபிக் சதுரமுகி. ஹங்கேரியின் தலைநகராகிய புடாபெஸ்தில் கட்டடக் கலை பயின்று, வடிவமைப்புக் கற்பித்துவந்த ஏர்னோ றூபிக் என்பார் 1974ஆம் ஆண்டில் இதனை ஆக்கினார். 1977இல் அந்நாட்டுக் கடைகளிலும் 1980இல் உலகச் சந்தையிலும் இது விற்பனைக்கு வந்தது. ஆறு முகங்கள், முகமொன்றுக்கு ஒன்பது கட்டங்கள், ஆறு நிறங்கள். கலைத்தபின் நிறங்களை மீளச் சேர்க்க வேண்டும், அவ்வளவே விளையாட்டு. ஆயின், இச் சிறுபொருள் கொள்ளத்தக்க நிலைகளின் தொகையோ 43,252,003,274,489,856,000. செக்கனுக்கு ஒரு நிலையாகப் பார்த்து முடிக்கப் புகின், பிரபஞ்சத்தின் வயதைப்போல ஏறக்குறைய நூறு மடங்கு காலம் வேண்டும். ஆதலின் கண்டபடி திருப்பிப் பார்த்து இதனைச் சேர்ப்போம் என்பது நடவாத காரியம்.

இதன் இடர்ப்பாடு யாதெனின், பாதி சேர்ந்தபின் அடுத்த திருப்பம் எதுவும் முன்னர்ச் சேர்ந்தவற்றைக் குலைத்துவிடும் என்பதே. ஆகவே, சேர்ந்தவற்றை முடிவில் குலையாமல் மீட்டுத் தந்து, வேண்டிய சில துண்டுகளை மட்டும் இடம் மாற்றவல்ல திருப்பங்களின் வரிசைகளைக் கண்டறிய வேண்டும். இத்தகைய வரிசையே அல்கொரிதம் எனப்படுவது. படிமுறை என்று யாம் வழங்குவோம். வலது முகத்தை வலஞ்சுழியாக ஒருமுறை, மேல் முகத்தை வலஞ்சுழியாக ஒருமுறை, பின் வலதை இடஞ்சுழியாக, மேலை இடஞ்சுழியாகத் திருப்புக. இந் நான்கையும் ஆறு முறை செய்தால் சதுரமுகி தொடங்கிய நிலைக்கே மீளும். ஐயுறுவோர் செய்து பார்க்கலாம். ஒன்றைச் செய்து, மற்றொன்றைச் செய்து, முதலாவதை மீட்டு, இரண்டாவதையும் மீட்டால், அவ்விரண்டும் தம்முட் சந்தித்த இடத்தைச் சூழ்ந்தே மாற்றம் எஞ்சும். இவ்வொரு கருத்திலிருந்தே படிமுறைகள் பல கிளைத்தன.

கண்டதைப் பிறர்க்குச் சொல்ல மொழி வேண்டுமன்றோ? இலண்டனிற் கணிதம் கற்பித்த டேவிட் சிங்மாஸ்ரர் என்பார் வலம், இடம், மேல், கீழ், முன், பின் என்னும் ஆறு முகங்களுக்கும் அவ்வவற்றின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துக்களையே குறியீடுகளாக அமைத்து, 1979ஆம் ஆண்டு தொடக்கம் தம் குறிப்புக்களை வெளியிட்டார். அதன்பின் நீண்டதொரு படிமுறையையும் ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்பிவிடலாம் என்ற நிலை வந்தது. எழுத்து வந்தபின்னரே இலக்கியம் பெருகும் என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

1982ஆம் ஆண்டு யூன் மாதம் 5ஆம் நாள் புடாபெஸ்தில் முதல் உலகப் போட்டி நடைபெற்றது. அமெரிக்காவின் சார்பிற் போட்டியிட்ட மின் தாய் என்னும் இளைஞர் 22.95 செக்கனிற் சேர்த்து வாகை சூடினார். அக்காலத்திலே செக்கோசிலோவக்கியாவில் வாழ்ந்த ஜெசிக்கா பிரிட்றிக் என்னும் பெண்மணி, கடைசி அடுக்கை இரண்டே படிகளில் முடிக்கும் முறையொன்றை வகுத்துவந்தார். முதற்படியில் மேல் நிறத்தை ஒருமுகப்படுத்தல். அதற்கு 57 வகைகள். இரண்டாம் படியில் துண்டுகளைத் தத்தம் இடத்திற் சேர்த்தல். அதற்கு 21 வகைகள். வகைக்கு ஒன்றாக 78 படிமுறைகளைக் கைவரச் செய்தால், கடைசி அடுக்கிலே நின்று யோசிக்க வேண்டிய தேவை ஒழிந்துவிடும். பிற்காலத்தில் அமெரிக்காவிற் பேராசிரியராகிய அவர், தம் படிமுறைகள் யாவற்றையும் எவரும் பெறத்தக்கவாறு வெளியிட்டார். இம் முறை நெடுங்காலம் அவர் பெயராலேயே வழங்கியது. ஆயின், அதன் பகுதிகள் சில பிறர் கண்டவை. அவரும் அதனை மறைத்தவரல்லர். முதலிரண்டு அடுக்குக்களையும் மூலையும் விளிம்புமாகச் சோடி சேர்த்து நிரப்பும் உபாயம் ஒல்லாந்தரான றெனே ஸ்கூவ் என்பார்க்கு உரியதென்பர். ஆகவே இன்று அம் முறையை ஒருவர் பெயராற் சுட்டாது, அதன் நான்கு படிகளின் முதலெழுத்துக்களாற் சுட்டுவோரே மிகுதி. உரியவர்க்கு உரிய புகழைப் பங்கிட்டுக் கொடுக்கும் இந் நேர்மை குறிக்கொள்ளத்தக்கது.

அங்ஙனம் தொடங்கிய பணி அத்துடன் நிற்கவில்லை. சுவீடன் தேசத்து லாஸ் பெற்றஸ், பிரான்சு தேசத்து ஜில் றூ ஆகியோர் முற்றும் வேறான வழிகளை வகுத்தனர். ஏழே திருப்பங்கள் கொண்டதும் இன்று பயில்வோர் தொடக்கத்திலேயே கற்பதுமான ஒரு படிமுறைக்குச் 'சூனே' என்று தம் நாட்டு ஆண்பெயரொன்றைச் சூட்டியவர் பெற்றஸே. போலந்து தேசத்து ஸ்பொறொவ்ஸ்கியும் ஒல்லாந்து தேசத்து வான் புறூகெமும் ஒருவரையொருவர் சாராது ஒரே கருத்தை எய்தினர். விளிம்புகளை முன்னரே நேர்ப்படுத்திவிட்டால் கடைசி அடுக்கை ஒரே படிமுறையால் முடிக்கலாம் என்பது அக்கருத்து. முன்சொன்ன 21 நீங்கலாக அதற்கு 472 படிமுறைகள் வேண்டும். அம் முன்னேற்பாடும் இன்றி எந் நிலையிலிருந்தும் ஒரே வீச்சில் முடிக்கவோ 3,915 வேண்டும். இவற்றை நிரப்பியவர் யார்? பல்கலைக்கழகமொன்று பணம் கொடுத்து ஏவவில்லை; அரசாங்கம் திட்டம் வகுக்கவில்லை. மாணவரும் தொழில் செய்வோரும் தத்தம் ஓய்வு நேரத்தில் ஒவ்வொரு வகையாக எடுத்துத் தேடி, கண்டதைப் பொதுவில் வைத்தனர். ஒருவர் வைத்ததை மற்றொருவர் திருத்தினார். திருத்தியதை மூன்றாமவர் மேலும் சுருக்கினார்.

கணினி உள்ளபோது மனிதர் தேடுவானேன் என்று வினவலாம். ஜேர்மனியரான ஹேர்பேட் கொசியெம்பா என்பார் 1992இல் இரண்டு கட்டங்களாற் சதுரமுகியைச் சேர்க்கும் கணினி முறையொன்றைக் கண்டு, அதற்கான நிரலையும் விலையின்றி உலகுக்கு வழங்கினார். அது ஒரு நிலைக்குப் பல வரிசைகளை அடுக்கித் தரும். ஆயின், அவற்றுள் எது கைக்கு இசையும் என்பதைக் கணினி அறியாது. திருப்பங்களின் தொகையிற் குறைந்தது விரைவிலும் சிறந்ததாதல் வேண்டும் என்னும் நியதியில்லை. பின்முகத்தைத் திருப்பக் கை தடுமாறும். வலதும் மேலுமாக மாறிமாறி வருவதாயின், பத்துப் பதினைந்து திருப்பங்களும் விரல்களில் நீர்போல ஓடும். சதுரமுகியைக் கையிலே மாற்றிப் பிடிக்க நேரின் காலம் வீணாகும். ஆகவே கணினி பெய்து தந்த குவியலிலிருந்து ஒவ்வொன்றையும் விரலால் உரைத்துப் பார்த்து, இது ஆகும், இது ஆகாது என்று தெரிந்தெடுத்தவர் ஆர்வலர்களே. பொன்னை வெட்டியெடுப்பது பொறியாயினும் மாற்றுப் பார்ப்பது தட்டானின் உரைகல்லன்றோ?

2010ஆம் ஆண்டிலே தோமஸ் றொக்கிக்கி, கொசியெம்பா, மோலி டேவிட்சன், ஜோன் டெத்றிட்ஜ் என்னும் நால்வரும் கூடி, எவ்வாறு கலைத்த சதுரமுகியையும் 20 திருப்பங்களுக்கு மேற்படாமற் சேர்க்கலாம் என்று நிறுவினர். கூகிள் நிறுவனம் உபகரித்த கணினி நேரம், ஒரு கணினிக்கு ஏறத்தாழ 35 ஆண்டுகளுக்குச் சமமானது. முடிவு தெரிந்துவிட்டது, இனி என்ன என்று ஆர்வலர் ஓய்ந்தாரல்லர். ஒரு மணி நேரத்துள், கணினியின் உதவியின்றி, காகிதமும் சதுரமுகியும் துணையாகக் குறைந்த திருப்பங்களாற் சேர்க்கும் போட்டியொன்று உண்டு. கொசியெம்பாவின் முறையிலுள்ள முதற்கட்டத்தையே மனிதர் அறிவுக்கும் கைக்கும் ஏற்றவாறு இதில் ஆர்வலர் மாற்றியமைத்துக்கொண்டனர். 2019இல் இப்போட்டியில் 16 திருப்பங்களாற் சேர்த்துக் காட்டிய இத்தாலியரான செபஸ்தியானோ துறொந்தோ, தாமே அவ் வித்தைக்குப் பாடநூலொன்றை எழுதி எவர்க்கும் இலவசமாக வழங்கியவர்.

இங்கேதான் யாம் வலியுறுத்த விரும்பும் செய்தி உளது. இவர்கள் ஒருவர்க்கொருவர் போட்டியாளர். மேடையிலே ஒருவரை ஒருவர் வெல்ல வந்தவர். அத்தகையோர் தம் படைக்கலத்தை எதிரியின் கையிலே தாமே கொடுக்கின்றனர். இது பேதைமையா? பயனைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வோம். 1982இல் 22.95 செக்கனாக இருந்த சாதனை, 2023இல் அமெரிக்கரான மக்ஸ் பார்க் என்பவரின் கையில் 3.13 செக்கனாயிற்று. சதுரமுகி இலகுவிற் சுழலுமாறு திருத்தமுற்றதும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறுக்கவியலாது. ஆயினும் நல்ல சதுரமுகியைக் காசு கொடுத்து வாங்கலாம். கற்ற விரலை வாங்கவியலாது. அவ் விரல்கள் கற்றவை பலநூறு பேர் தேடி வைத்த பொதுச் செல்வத்தையே.

கொடுத்தவன் இழக்கவில்லையா என்பார்க்கும் விடை உண்டு. அவுஸ்திரேலியரான பீலிக்ஸ் செம்டெக்ஸ் 2013இலும் 2015இலும் உலகப் போட்டியில் வென்றவர். தாம் கையாளும் படிமுறைகளையும் விரல் நுட்பங்களையும் வெளிப்படையாகவே கற்பித்தவர். அவரை முன்மாதிரியாகக் கொண்டு வளர்ந்த மக்ஸ் பார்க் அவருடைய சாதனைகளை முறியடித்து, 2017இற் பாரிசு நகரில் உலகப் போட்டியையும் வென்றார். இருவரும் பகைவராயினரா? நண்பராயினர். செம்டெக்ஸின் புகழ் குன்றிற்றா? வென்றவர் என்பதோடு வழிகாட்டியவர் என்னும் புகழும் அவர்க்குச் சேர்ந்தது.

மற்றொரு தடையும் உண்டு. நூற்றுக்கணக்கான வரிசைகளை நெட்டுருப் பண்ணுவது அறிவாகுமோ என்பர். நெட்டுரு தன்னளவிற் குற்றமன்று. வாய்பாடும் நிகண்டும் மனனம் செய்து வளர்ந்த மரபு நம்முடையது. ஆயின், இது எங்கிருந்து வந்தது, இதனினும் நல்லது உண்டா என்று வினவாத நெட்டுருவே குற்றம். இவ் ஆர்வலருள்ளும் பிறர் கண்டதை மனனம் செய்து விரைவதோடு அமைபவர் பலர். வித்தை வளர்ந்தது அவர்களாலன்று. மனனம் செய்ததையே ஐயுற்று ஆராய்ந்தவர்களால்.

இனி நம் நிலையைப் பார்ப்போம். பரீட்சை அண்மித்ததும் குறிப்புக் கொப்பியை ஒளிக்கும் மாணவனை நாம் அறியாதவரல்லேம். தனியார் வகுப்பிற் பெற்ற வினாத்தாளை அடுத்த வாங்கிலிருப்பவன் கண்ணிற் படாமல் மடித்து வைப்பவனும் உளன். அவர்களை முற்றும் பழிப்பதும் நீதியன்று. பல்கலைக்கழகத்து இடங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. அவற்றுட் பெரும்பகுதி மாவட்ட அடிப்படையிற் பங்கிடப்படுவதால், அயலிலிருப்பவனே போட்டியாளனாகத் தோன்றுகின்றான். சதுரமுகி மேடையிலே தோற்றவன் வீட்டுக்குப் போவான். இங்கே தோற்றவன் வாழ்வு திசைமாறும் என்று ஒருவர் கூறின், அஃது உண்மையே.

ஆயின் எண்ணிப் பார்க்க. மாவட்டம் முழுவதிலும் ஆயிரக்கணக்கானோர் எழுதும் பரீட்சையிலே அடுத்த வாங்குக்காரன் ஒருவனே. அவனிடமிருந்து ஒளித்ததனால் வரும் ஆதாயம் அணுவளவு; அவனோடு பரிமாறியதனால் வரும் ஆதாயம் மலையளவு. தான் விளங்கிக்கொண்ட கணக்கைப் பிறனுக்குச் சொல்லப் புகும்போதுதான் தனக்கு விளங்காத இடம் எது என்பது தெரியவரும். ஒளித்து வைத்த குறிப்பை ஒருவரும் திருத்தார். அதிலுள்ள பிழை பரீட்சை மண்டபம் வரை உடன் வரும்.

ஆதலின் நம் பழைய மாணவர் சங்கத்துக்கும் ஆசிரியர்க்கும் எளியதோர் ஆலோசனை கூற விரும்புகின்றோம். நூலகத்திலே தடித்த கொப்பியொன்றை யாவரும் எடுத்துப் பார்க்க வைக்க. கணக்கொன்றுக்குப் புது வழி கண்ட மாணவன், பௌதிகப் பரிசோதனையிலே ஓர் உபாயம் கண்ட மாணவன், இலக்கணச் சூத்திரமொன்றை நினைவிலிருத்த எளிய வழி கண்ட மாணவன், எவனாயினும் அதனைத் தன் பெயரும் திகதியும் இட்டு அதில் எழுதுக. அதனைத் திருத்துவோனும் கண்டவன் பெயரை அழியாது, கீழே தன் பெயரையும் எழுதுக. கொப்பியின் பக்கத்தே சில சதுரமுகிகளையும் வைப்பின் குற்றமில்லை, விலை பெரிதன்று. பரிசு வேண்டாம், புள்ளியும் வேண்டாம். கண்டவன் பெயர் அவன் கல்லூரியை விட்டகன்ற பின்னும் அங்கே நிற்பதே போதிய பரிசாகும்.

கொடுக்கக் கொடுக்கக் கல்வி குறையாது என்று மேடைதோறும் பேசுகின்றோம். விளையாட்டுப் பொருளொன்றை வைத்துக்கொண்டு சில இளைஞர் அதனைச் செய்தே காட்டிவிட்டனர். விழாக் காணும் நம் கல்லூரி அதனைக் கொப்பியொன்றிலாயினும் செய்து பார்க்கட்டும்.