செல்லமே: “குணமாகாது என்கிறார்கள்... நான் என்ன செய்யட்டும் டாக்டர்?”

“எங்கள் லட்டு ஒன்றரை வயது ஷிட்சு. மூன்று மாதமாக ஓயாமல் தண்ணீர் குடிக்கிறான், வீடெல்லாம் சிறுநீர் போகிறான், சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறான். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பார்த்த டாக்டர், ‘பிறவியிலேயே சிறுநீரகம் சரியாக வளரவில்லை, குணப்படுத்த முடியாது’ என்று சொல்லிவிட்டார். தயிர் சாதம் கொடுத்து நான்தான் கெடுத்துவிட்டேனோ என்று ராத்திரியில் தூக்கம் வருவதில்லை. ‘கஷ்டப்பட விடாதே, ஊசி போட்டுவிடலாம்’ என்கிறார் கணவர். ஆறாம் வகுப்பு படிக்கும் மகளிடம் இன்னும் சொல்லவில்லை. நான் என்ன செய்யட்டும் டாக்டர்?”

- ஒரு வாசகி, திருச்சி

சகோதரி, முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்விக்கு வருகிறேன். இது தயிர் சாதத்தால் வந்ததில்லை. தாயின் வயிற்றிலேயே சிறுநீரகம் முழுமையாக உருவாகாமல் போவதால் வருகிற நோய். ஷிட்சு, லாசா ஆப்ஸோ போன்ற இனங்களில் பரம்பரையாக வருவது. நீங்கள் குட்டியை வாங்கி வந்த அன்றே அது அவனுக்குள் இருந்திருக்கிறது. சிறுநீரகத்தின் வேலையில் ஏறக்குறைய முக்கால் பங்கு குறைந்த பிறகுதான் ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறும். அதனால்தான் இவ்வளவு நாள் தெரியவில்லை.

குணமாகாது என்பது உண்மைதான். ஆனால், குணமாகாது என்பதும் ஒன்றும் செய்ய முடியாது என்பதும் ஒன்றல்ல. மிச்சமிருக்கும் சிறுநீரகத்தின் சுமையைக் குறைத்து, குமட்டலையும் வலியையும் கட்டுக்குள் வைத்தால் பல நாய்கள் கொஞ்ச காலம் நன்றாகவே இருக்கின்றன. அந்தக் காலம் மாதங்களா, அதற்கும் மேலா என்பது நோய் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இந்த நோயை நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். லட்டு எந்த நிலையில் இருக்கிறான் என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

வீடு நனைகிறதே என்று ராத்திரியில் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைத்துவிடாதீர்கள். சிறுநீரகத்தால் நீரைப் பிடித்து வைக்க முடியாததால்தான் அவன் அவ்வளவு குடிக்கிறான். தண்ணீரை நிறுத்தினால் ஒரே நாளில் நிலைமை மோசமாகும், கத்திரி வெயிலில் இன்னும் வேகமாக. பழைய செய்தித்தாளை விரியுங்கள், கிண்ணம் இருக்கட்டும்.

சாப்பாட்டில் பாஸ்பரஸும் உப்பும் குறைய வேண்டும். எலும்பு, ஈரல், கருவாடு வேண்டாம். சிறுநீரக நோய்க்கென்றே தயாரிக்கும் உணவு கிடைக்கிறது. வீட்டுச் சமையல்தான் என்றால் அளவை டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். புரதத்தை அடியோடு நிறுத்தினால் தசை கரைந்துவிடும். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்துக்கு விஷம். பாயசம், கேசரி வைக்கும் நாள்களில் கவனம். நமக்கான வலி மாத்திரை எதையும் கொடுக்கக் கூடாது.

முகர்ந்துவிட்டுத் திரும்புவது அடம் அல்ல, குமட்டல். அதற்கு மருந்து இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். தோலுக்கு அடியில் சலைன் ஏற்றுவதை வீட்டிலேயே செய்யப் பல டாக்டர்கள் சொல்லித் தருகிறார்கள். வாரம் ஒருமுறை அவனைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள். உங்கள் எடையைக் கழித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஊசி பற்றி

உங்கள் கணவர் கல்மனசுக்காரர் இல்லை. அவரும் பயத்தில்தான் பேசுகிறார். அதே சமயம், பயத்தில் எடுக்கிற முடிவாகவும் இது இருந்துவிடக் கூடாது.

இதற்கு அளவுகோல் ஒன்று உண்டு. ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் உருவாக்கியது. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் அதிகமா என ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். வலியே இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறான் என்றால் பத்து. மொத்தம் 70-க்கு 35-ஐத் தாண்டினால், பராமரிப்பைத் தொடர்வதில் அர்த்தம் இருக்கிறது. நீங்களும் கணவரும் தனித்தனியாக மதிப்பெண் போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒப்பிட்டுப் பாருங்கள். சண்டை குறையும். “இன்னும் எத்தனை நாள்?” என்ற கேள்வி, “இந்த வாரம் அவனுக்கு எப்படி இருந்தது?” என்று மாறும். லட்டுவுக்குத் தன் ரிப்போர்ட் தெரியாது. இன்று வயிறு குமட்டாமல் இருந்ததா, நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களா என்பதுதான் அவனுக்குத் தெரியும்.

மதிப்பெண் தொடர்ந்து இறங்கி, மருந்துக்கும் ஏறவில்லை என்றால், அப்போது ஊசி ஒரு கருணைதான். மயக்க மருந்தை அதிக அளவில் ரத்தக்குழாயில் செலுத்துவார்கள். முதலில் நினைவு போகும், பிறகுதான் இதயம் நிற்கும். கண் திறந்தபடியே இருக்கலாம். முன்கூட்டியே தெரிந்திருந்தால் அதிர்ச்சி குறையும்.

மகளிடம்

இன்றே சொல்லுங்கள். வீட்டில் ஏதோ சரியில்லை என்று அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். “சிறுநீரகம் சரியாக வளரவில்லை, மருந்தால் குணமாகாது, ஆனால் வலிக்காமல் பார்த்துக்கொள்ளப் போகிறோம்” என்று உள்ளதைச் சொல்லுங்கள். அந்த நாள் வரும்போது “தூங்க வைத்துவிட்டார்கள்”, “ஊருக்கு அனுப்பிவிட்டோம்” என்று சொல்லாதீர்கள். முதலாவதைக் கேட்கும் குழந்தைக்குத் தூங்கவே பயம் வரலாம். இரண்டாவதைக் கேட்கும் குழந்தை காத்துக்கொண்டே இருக்கும்.

எடை குறிக்கும் நோட்டை அவளிடம் கொடுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அது முடியும். ஆனால், முடிவெடுக்கும் பாரத்தை அவள்மீது வைக்காதீர்கள், அது பெரியவர்களின் வேலை.

கடைசியாக ஒன்று. குட்டியை வாங்கிய இடத்தில் இந்த நோயைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். அதே ஜோடியை மறுபடி இணை சேர்த்தால், இன்னொரு வீட்டிலிருந்து இதே கடிதம் எனக்கு வரும்.

(அடுத்த வாரம் சந்திப்போம்)