சோப்புக்கு ஏது திசை? சோடாவை நிறுத்துப் போடுங்க!

வீட்டிலேயே சோப்பு தயாரிக்கும் ஆசை பலருக்கு வந்திருக்கிறது. கடை சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள் சிலர். கைச்செலவுக்கு நாலு காசு வரட்டுமே என்பார்கள் சிலர். நல்ல ஆசைதான். குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் சோப்போடு இன்னொன்றும் சேர்ந்து வந்துவிட்டது. அதுதான் பெங் சுயி!

சிரிக்கும் புத்தர், மூங்கில் செடி, காசைக் கவ்விய மூன்று கால் தவளை, வாசலில் தொங்கும் மணி என்று கடைகடையாய் விற்ற சீன சாஸ்திரம், இப்போது சோப்பு அச்சிலும் கை வைக்கிறது. தென்கிழக்கு செல்வ மூலையாம். சோப்பை அங்கே காய வைத்தால் பணம் வருமாம். தெற்கே வைத்தால் புகழாம். பச்சை சோப்பு மரமாம், சிவப்பு சோப்பு நெருப்பாம், வெள்ளை சோப்பு உலோகமாம்.

காம்பஸ் வைத்துத் திசை பார்க்க அரை மணி நேரம். காஸ்டிக் சோடாவை அளக்க அரை நிமிஷம். வம்பு இங்கேதான் இருக்கிறது.

எதைக் கேட்பது?

பெங் சுயி கணக்கில் பூதம் ஐந்து. மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். நம்ம ஊர் வாஸ்து கணக்கிலும் ஐந்துதான். ஆனால் மரமும் உலோகமும் கிடையாது. அதற்குப் பதில் காற்றும் ஆகாயமும்.

சீனக் கணக்கில் நெருப்புக்குத் தெற்கு. வாஸ்துவில் அக்கினி மூலை தென்கிழக்கு. நீருக்கு அங்கே வடக்கு, இங்கே வடகிழக்கு. ரெண்டையும் நம்புகிற வீட்டில் சோப்புச் சட்டியை எங்கே வைப்பது? நடுக்கூடத்திலா? அங்கே பிள்ளை தவழ்ந்துகொண்டிருக்குமே!

சீனாவில் இந்த சாஸ்திரம் வளர்ந்தது சமாதிக்கும் வீட்டுக்கும் இடம் பார்க்கத்தான். குவோ பு (276–324) எழுதியதாகச் சொல்லப்படும் பழைய நூலே பிணம் புதைக்கும் இடத்தைப் பற்றியதுதான். பழைய சீனாவில் அழுக்குப் போக்க உதவியது ஒரு மரத்தின் காய். நம்ம சீயக்காய் மாதிரி! பிரான்சில் லெப்லான் என்பவர் சாதாரண உப்பிலிருந்து சோடா எடுக்கும் முறைக்கு உரிமை வாங்கியது 1791-ல். சோப்பு மலிவானது அதற்குப் பிறகு. ஆக, காஸ்டிக் சோடாவை எந்த மூலையில் கரைப்பது என்று அந்தப் பழைய நூல் சொல்லியிருக்க வழியே இல்லை.

40 கிராம் வம்பு

'கெமிக்கல் இல்லாத சோப்பு' என்பது வெறும் பேச்சு. காஸ்டிக் சோடா இல்லாமல் கட்டி சோப்பு கிடையாது. எண்ணெயும் சோடாவும் சேர்ந்தால்தான் சோப்பும் கிளிசரினும் ஆகும். அளவு சரியாக இருந்தால் சோடா மிஞ்சாது. அளவு கூடினால் மிஞ்சிய சோடா குளிக்கிறவர் தோலைப் பதம் பார்க்கும்.

ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுதும் சோப்பாக மாற சுமார் 183 கிராம் சோடா வேண்டும். பாதுகாப்புக்கு 5 சதவீதம் குறைத்து 174 கிராம் போடுவது வழக்கம். ஒரு கிலோ நல்லெண்ணெய்க்கோ சுமார் 133 கிராமே போதும். தேங்காய் எண்ணெய் கணக்கை நல்லெண்ணெய்க்குப் போட்டால் என்ன ஆகும்? 40 கிராம் சோடா சோப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அந்த சோப்பைத் தென்கிழக்கில் வைத்தாலும் எரியும், வடமேற்கில் வைத்தாலும் எரியும்.

டம்ளர் கணக்கும் ஸ்பூன் கணக்கும் இங்கே உதவாது. கிராம் காட்டும் தராசு வேண்டும். காம்பஸ் வாங்கும் காசில் தராசு வாங்கலாம்.

ரெடிமேடு சோப்புக் கட்டியை உருக்கி அச்சில் ஊற்றுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. சோடா வேலையை வேறு யாரோ முடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

காற்றும் நீரும்

பெங் என்றால் காற்று. சுயி என்றால் நீர். அந்த ரெண்டு வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும்.

காற்று: ஜன்னலைத் திறந்து வையுங்கள். சோடா கரையும்போது கிளம்பும் ஆவி தொண்டையை அடைக்கும்.

நீர்: எப்போதும் தண்ணீரில்தான் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடா மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். அடுப்பே இல்லாமல் அந்தத் தண்ணீர் 80 டிகிரிக்கு மேல் சூடாகிவிடும்.

அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. சோடா அதை அரித்து, தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். எவர்சில்வர் பாத்திரம் நல்லது. கைக்கு ரப்பர் உறை, கண்ணுக்குக் கண்ணாடி. ஊற்றிய சோப்பை நாலிலிருந்து ஆறு வாரம் காற்றாட வைத்த பிறகே தொட வேண்டும்.

பெங் சுயி பார்க்கிறவர்கள் இடத்தை ஒழித்துச் சுத்தமாக வைக்கச் சொல்கிறார்கள். வெளிச்சமும் காற்றும் வரட்டும் என்கிறார்கள். அதுவரை சரி. அதைத் தாராளமாகக் கேட்கலாம்.

பிள்ளைகள் ஜாக்கிரதை!

சோடா பார்க்க வெள்ளை வெளேரென்று கல்லுப்பு மாதிரி இருக்கும். கரைத்துவிட்டால் பச்சைத் தண்ணீருக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. அதை டம்ளரிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஊற்றி வைப்பது பெரிய குற்றம். ஒரு வாய் உள்ளே போனால் உணவுக் குழாய் வெந்துவிடும். ஆறிய பிறகு குழாய் சுருங்கி, பிள்ளை சோறு விழுங்க முடியாமல் வருஷக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கு அலைய நேரிடலாம்.

குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். தோலிலோ கண்ணிலோ பட்டால் குழாய்த் தண்ணீரில் குறைந்தது 20 நிமிஷம் விடாமல் கழுவுங்கள். எலுமிச்சம்பழம், வினிகர் வைத்தியம் வேண்டாம். கண் என்றால் கழுவிய கையோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை

குளிக்கும் சோப்பை விற்பனைக்குத் தயாரித்தால் லைசென்ஸ் வேண்டும். 1940-ம் வருஷச் சட்டமும், 2020-ல் வந்த அழகுசாதன விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. 'செல்வ சோப்பு', 'அதிர்ஷ்ட சோப்பு' என்று லேபிள் ஒட்டுகிறவர்கள் அதில் என்ன எண்ணெய், எவ்வளவு எடை, எந்தத் தேதியில் செய்தது என்பதை முதலில் எழுதட்டும். மாசக் கடைசியில் பையைத் தடவிப் பார்த்துச் செலவு செய்கிற குமாஸ்தா, அழுக்குப் போகத்தான் சோப்பு வாங்குகிறார். அவர் பையிலிருந்து பணம் போகுமே தவிர, சோப்பால் வராது.

திசை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். வடக்கே பார்த்து நின்றாலும் தெற்கே பார்த்து நின்றாலும் சோப்பு கோபித்துக்கொள்ளாது. சோடா டப்பாவை மட்டும் மேல் பரணில் ஏற்றிப் பூட்டி வையுங்கள். அந்தப் பரண் எந்தத் திசையில் இருந்தாலும் பரவாயில்லை!