வேனே வீடாக மூன்று நாள்

தேனியிலிருந்து குமுளிக்குப் பெரிய சாலையில் போனால் இரண்டு மணி நேரப் பயணம்தான். அதை நாங்கள் மூன்று நாள் போனோம் என்றால் சிரிப்பீர்கள்! கம்பம் பள்ளத்தாக்கின் அழகெல்லாம் ஊர்களுக்குள் நுழைந்து வளைந்து போகிற சின்னச் சாலைகளில்தானே இருக்கிறது?

பக்கத்தில் கேரளத்தில் 2021-ல் ‘காரவன்’ சுற்றுலா தொடங்கினார்கள். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் வண்டிக்குள்ளேயே. நமக்குக் கட்டுப்படியாகுமா? தெரிந்தவரிடம் வேன் ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம். நான், எங்க வீட்டுக்காரர், நாத்தனார், அவளுடைய மூன்று வயது மகள், எழுபத்திரண்டு வயது அத்தை.

அத்தைதான் முதலில் மறுத்தார். “நான் வரலை தாயி, நீங்க போயிட்டு வாங்க.” காரணம் எனக்குத் தெரியும். பாத்ரூம்! வழியில் இடம் கிடைக்காதே என்று காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிற பெண்கள் நம்மில் எத்தனை பேர்! சர்க்கரை உள்ளவர்கள் இப்படித் தண்ணீரைக் குறைத்து, சிறுநீரையும் அடக்கினால் நீர்த்தாரையில் கிருமி தொற்றிவிடும். போன தடவை பஸ்ஸில் போய் வந்து, குளிர்காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தவர் அவர்.

அவரை விட்டுப் போக மனசு வருமா? வேனின் கடைசி சீட்டைக் கழற்றினோம். நோயாளிகளுக்கு வைக்கிற கமோடு நாற்காலி, மூடி போட்ட வாளி, சுற்றிலும் கெட்டிப் போர்வையில் திரை. வண்டியை ஓரங்கட்டி, ஆண்கள் இறங்கி நிற்க வேண்டியது, அவ்வளவுதான். இரவு தங்குகிற இடத்தில் கொட்டிக் கழுவி, பினாயில் விட்டுவிடுவேன். நாத்தனாருக்கும் எனக்கும் அதுவே பெரிய உபகாரமாக இருந்தது என்பதை ஏன் மறைக்க வேண்டும்?

வீரபாண்டியில் கௌமாரியம்மனைக் கும்பிட்டு, குச்சனூர், மார்க்கையன்கோட்டை வழியாகச் சின்னமனூர். வழியெல்லாம் நெல்லும் வாழையும் தென்னையும். ஆற்றில் குழந்தையைக் கால் நனைக்க விடும்போது கையை விடாதீர்கள். அணையில் தண்ணீர் திறந்திருந்தால் இழுப்பு அதிகம். சமையலுக்கு ஒற்றை அடுப்பு. அதை வேனுக்குள் பற்ற வைக்கவே கூடாது, இறக்கி வைத்துத்தான். காட்டுப் பக்கம் அதுவும் கூடாது.

மறுநாள் உத்தமபாளையம் தாண்டி, காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைப் பந்தல்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை இதுதான். வருஷம் முழுக்கக் காய்க்கும். தோட்டத்தில் வாங்கியதை அங்கேயே வாயில் போடாதீர்கள். மருந்து அடித்திருப்பார்கள், ஓடுகிற தண்ணீரில் நன்றாக அலச வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கு முழுப் பழம் கொடுக்கவே கூடாது, தொண்டையில் அடைத்துவிடும். நீளவாக்கில் நான்காக நறுக்கி, விதையை எடுத்துவிட்டுக் கொடுங்கள். சுருளி அருவிக்குக் கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். வெள்ளமோ யானை நடமாட்டமோ இருந்தால் வனத்துறையினர் விடமாட்டார்கள்.

மூன்றாம் நாள் கூடலூர் வழியாக லோயர் கேம்ப். 1895-ல் பெரியாறு அணையைக் கட்டி முடித்த பென்னிகுவிக்குக்கு 2013-ல் திறந்த மணிமண்டபம் இங்கே இருக்கிறது. மேற்கே ஓடிய தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியதால்தான் நாங்கள் பார்த்து வந்த வயல்கள் எல்லாம்! அத்தை சிலை முன்னால் கைகூப்பினார். வெளியே வந்து ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, “அடுத்த தடவை போடிப் பக்கம் போவமா தாயி?” என்றார். ஏலக்காய் வாங்கணுமாம்!