விவசாயி வயல் என்ன, விதைக் கம்பெனியின் டெஸ்ட் லேபா?



போன வருஷம் எங்க மாமா ஒன்றரை ஏக்கரில் வீரிய ஒட்டுப் பருத்தி போட்டார். 60ஆம் நாள் போய்ப் பார்த்தேன். ஒரு செடி இடுப்பளவு, பக்கத்துச் செடி முழங்கால் அளவு. ஒண்ணு பூத்திருக்கு, இன்னொண்ணு வெறும் இலையோட நிக்குது. கடைக்காரரிடம் கேட்டால், "மழை சரியில்ல, உரமும் கூடிப்போச்சு" என்கிறார். தப்பு விதையிலா, மழையிலா? இன்னைக்கு வரைக்கும் மாமாவுக்குத் தெரியாது. கடன் மட்டும் நிச்சயமா தெரியும்.

பருத்தி ஒட்டு விதை எப்படி வருது? பெண் ரகப் பூவின் மகரந்தப் பையைக் கையால் நீக்கிவிட்டு, ஆண் ரகத்தின் மகரந்தத்தைத் தடவுவார்கள். நீக்கத் தவறிய பூ தன் மகரந்தத்திலேயே காய்க்கும். அந்த விதையும் அதே பாக்கெட்டுக்குள் வந்துடும். கண்ணால் பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

சான்று பெற ஒட்டுப் பருத்தி விதைக்கு மரபுத் தூய்மை குறைந்தது 90 சதவீதம், ஒட்டு நெல்லுக்கு 95 சதவீதம் வேண்டும். இதை உறுதி செய்யும் பழைய வழி, மாதிரி விதையை வயலில் போட்டு வளர்த்துப் பார்ப்பது. அதுக்கே ஒரு பருவம் ஓடிடும்.

டிஎன்ஏ சோதனைக்கு நாற்றின் சின்ன இலை போதும். பெற்றோர் ரெண்டு பேருக்கும் வேறுபடும் டிஎன்ஏ பகுதியை பிசிஆர் மிஷினில் பெருக்கிப் பார்த்தால், உண்மையான ஒட்டுச் செடியில் அம்மா கோடு, அப்பா கோடு ரெண்டும் தெரியும். தன் மகரந்தத்தில் வந்ததில் அம்மா கோடு மட்டும்தான். சில நாளில் முடிவு கையில்! முளைப்புத் திறனை இது சொல்லாது. கலப்பு இருக்கா இல்லையா என்பதைச் சொல்லிடும்.

"செலவு ஆகுமே" என்பவர்களுக்கு: பாக்கெட் பாக்கெட்டா சோதிக்கச் சொல்லலை. ஒரு லாட்டுக்கு ஒரு மாதிரி. நான் படிச்சது மெக்கானிக்கல். ஒரு போல்ட்டே சாம்பிள் டெஸ்ட் இல்லாம ஃபேக்டரியை விட்டு வெளிய போகாது. விதை மட்டும் போகலாமா?

1966 விதைச் சட்டம் சான்று வாங்குவதைக் கட்டாயமாக்கவில்லை. முதல் முறை தவறுக்கு அதில் எழுதியிருக்கும் அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான், நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஆனா ஆதாரத்துக்கு எங்கே போவார்?

நாம் கேட்பது மூணே மூணு:

1. விற்பனைக்கு வரும் முன்பே ஒவ்வொரு லாட்டுக்கும் டிஎன்ஏ சோதனை. முடிவு பாக்கெட் மேலேயே.
2. பெற்றோர் ரகங்களின் டிஎன்ஏ விவரம் அரசு ஆய்வகத்தில், ரகசியம் காத்து.
3. தூய்மை குறைந்தால் விவசாயிக்கு நேரடி இழப்பீடு.

அதுவரை பில்லை வாங்குங்க, காலி பாக்கெட்டைத் தூக்கிப் போடாதீங்க, ஒரு பிடி விதையை எடுத்து வைங்க. நாளைக்கு அதுதான் உங்க சாட்சி. விவசாயம் பார்க்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் இதைக் கொண்டு போய்ச் சேருங்க.

#விதைக்கு_முன்_சோதனை